சைக்கிள் பொருத்தம்

எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் ‘ஃபிட்டிங்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். புதுச் சைக்கிள் பாகம் பாகமாக, காகிதமும் சணலும் சுற்றிக்கொண்டு வரும். கடைக்காரர் தரையில் உட்கார்ந்து அதைப் பூட்டித் தருவார். ஸ்போக்ஸ் கம்பி கோத்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸில் பதித்து, கப்பும் கோனும் இறுக்கி, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் மாட்டி, கடைசியாக மணியை ஒரு முறை அடித்துக் காட்டுவார். இதற்குப் பெயர் ஃபிட்டிங். சைக்கிள் விலை தனி, ஃபிட்டிங் கூலி தனி.

வேலைக்காகப் பெங்களூர் போன பிறகு அதே சொல் வேறு அர்த்தத்தில் காதில் விழுந்தது. அங்கே ‘பைக் ஃபிட்’ என்றால் ஆளை அளப்பது. அசையாமல் நிறுத்திய சைக்கிளில் நம்மை ஏற்றி மிதிக்கவிட்டு, இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் புள்ளி ஒட்டி, கேமராவில் பிடித்துக் கோணம் கோணமாகக் கணக்கெடுக்கிறார்கள். சீட்டை நாலு மில்லிமீட்டர் ஏற்றலாம், ஹேண்டில்பாரை ஒரு சென்டிமீட்டர் பக்கத்தில் கொண்டுவரலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கும் கூலி தனி. கொஞ்சம் பெரிய கூலி.

முதலாவது, பாகத்துக்கும் பாகத்துக்குமான பொருத்தம். இரண்டாவது, உடம்புக்கும் சைக்கிளுக்குமான பொருத்தம். இவை தவிர மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஊருக்கும் சைக்கிளுக்குமான பொருத்தம். உடைந்தால் அந்த ஊரில் சரிசெய்ய ஆள் இருக்கிறதா, சாமான் இருக்கிறதா என்பது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாட்டில் சைக்கிளுக்கு மூன்று பார்ப்பது ஒன்றும் அதிகமில்லை. ஆனால் ராஜபாளையத்தில் இருந்துகொண்டு மலைச் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இந்த மூன்றும் ஒரே வண்டியில் அமைவது அத்தனை லேசில்லை.

*

2020 ஊரடங்கில் ராஜபாளையம் திரும்பினேன். லேப்டாப்பும் நான்கு பெட்டிகளும் ஒரு மலைச் சைக்கிளும் கூடவே வந்தன. பெங்களூர் டிராஃபிக்கில் தொலைந்துபோன காலை நேரம் ஊரில் திரும்பக் கிடைத்தது. முடங்கியார் ரோட்டில் மேற்கே மிதித்தால் தென்னையும் மாவுமாகத் தோப்புகள் கடந்து, அய்யனார் கோவில் பக்கம் மலை நேர் எதிரே வந்து நிற்கும். வடக்கே மெயின் ரோட்டைப் பிடித்தால் சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து செண்பகத்தோப்பு. காட்டுக்குள் சைக்கிளுக்கு வேலையில்லை. 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அணிலும் புலியும் இருக்கட்டும், எனக்குக் காட்டின் விளிம்பே போதும். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, தண்ணீரில்லாத ஓடை, சரளைக்கல், வேலிக்கருவை முள், ஆடி மாதக் காற்று. மலைச் சைக்கிள் ஒன்றுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான்காவது மாதம் வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் சைக்கிளை விட்டு இறங்கிப் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். பிறகு காலை மீட்டிங் வரை நீடித்தது. பிறகு மதியம் வரை. நான் கோடு எழுதும் மொழியில் ஒவ்வொரு வரியும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும். அந்த அரைப்புள்ளி வலது சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிறது. எண்டர் பட்டனும் அதே விரலின் பொறுப்பு. விரல் விசையைத் தொட்டதா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் வீட்டுக் கடன் முழுவதும் இந்தப் பத்து விரலை நம்பி வாங்கியது.

மதுரையில் நரம்பு மருத்துவர் மணிக்கட்டில் மின்சாரம் வைத்துச் சோதித்துவிட்டு, “நீங்க என்ன ஓட்டுறீங்க?” என்றார். சைக்கிள் என்றதும் சிரித்தார். அல்நார் நரம்பு முழங்கையின் உள்பக்கமாக இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு குறுகலான பாதையில் நுழைந்து உள்ளங்கைக்கு வருகிறது. அங்கே அதற்கு மேல் பெரிய தசைத் திண்டு கிடையாது. ஹேண்டில்பாரில் உடம்பின் எடையைச் சாய்த்து மணிக்கணக்கில் குலுங்கினால் நரம்பு நசுங்கும். சைக்கிள்காரர்களுக்கு இது வருவது மருத்துவப் புத்தகத்திலேயே இருக்கிறதாம். “ரெண்டு மாசம் ஓட்டாதீங்க. அப்புறம் ஒண்ணு சைக்கிள விடுங்க, இல்ல சைக்கிள மாத்துங்க. இப்படியே போனா விரல்ல பலம் குறையும்” என்றார். பலம் குறைந்த பிறகு திரும்புவது மெதுவாகத்தான் நடக்கும் என்றும் சொன்னார்.

அந்த இரண்டு மாதமும் ஓட்டாமல் இருந்த நேரத்தில் சைக்கிளை அளந்துகொண்டிருந்தேன்.

*

சைக்கிளில் மனிதன் மூன்று இடங்களில் தொடுகிறான். கை, இருக்கை, கால். உடம்பின் எடை இந்த மூன்றுக்கும் பங்கு பிரிகிறது. அப்பங்கைத் தீர்மானிப்பது ஃப்ரேமின் நீளம், சீட்டின் உயரமும் சாய்வும், ஹேண்டில்பாரின் தூரம். எங்கே வலி என்பதை வைத்து எங்கே தப்பு என்று தேடினால் பாதி நேரம் தவறான இடத்தில்தான் போய் நிற்போம். கை மரத்தால் கையுறை வாங்கச் சொல்வார்கள். ஆனால் கையில் விழுகிற எடை பெரும்பாலும் சீட்டிலிருந்து வழுக்கி வந்தது. சீட்டின் மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தால் போதும். உடம்பு முன்னால் சரியும், அதைத் தடுத்து நிறுத்துவது உள்ளங்கையின் வேலையாகிவிடும்.

என் சைக்கிள் எல் சைஸ். என் உயரம் 170 சென்டிமீட்டர். நான் வாங்கிய சமயத்தில் பெங்களூர்க் கடையில் அந்த மாடலில் எல் மட்டும்தான் இருந்தது. “சீட்டைக் கீழே இறக்கிக்கலாம் சார், கரெக்டா இருக்கும்” என்று சொல்லித்தான் விற்றார்கள். சீட் இறங்கும், உண்மைதான். ஃப்ரேமின் நீளம் இறங்காது. எம் சைஸைவிட எல் சைஸில் ஹேண்டில்பார் இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் இருந்தது. அந்த இரண்டரை சென்டிமீட்டரை எட்டிப் பிடித்த கைதான் மரத்துப்போனது.

சைஸ் பட்டியல்களும் உயரத்தை மட்டுமே கேட்கின்றன. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு உடல் நீளமாகவும் இருக்கும். முன்னவருக்கு சீட் உயர வேண்டும், ஹேண்டில்பார் கிட்ட வர வேண்டும். எனக்குக் கால் நீளம். சுவரோடு நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டை வரை ஏற்றிப் பிடித்து அளந்தால் 79 சென்டிமீட்டர். இதை 0.883-ஆல் பெருக்கினால் மிதி அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வர வேண்டிய உயரம் கிடைக்கும் என்பது பந்தயச் சைக்கிள்காரர்களின் பழைய சூத்திரம். எனக்கு 69.8 வருகிறது. சூத்திரம் வேண்டாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தேவையான அளவு தானாகவே மடங்கிக்கொள்ளும்.

சீட்டின் அகலத்துக்கும் அளவு உண்டு. நாம் உட்காருவது இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில். ஒரு அட்டைப்பெட்டித் துண்டைக் கல்திண்ணையில் போட்டு, கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழும். குழிகளின் நடுவுக்கு நடு எவ்வளவோ, அதைத் தாங்குகிற அகலம் சீட்டுக்கு வேண்டும். மெத்தென்று இருக்கும் சீட் முதல் பத்து நிமிடத்துக்குச் சுகம். அப்புறம் எலும்பு மெத்தைக்குள் புதைந்து, நடுப்பகுதி எழும்பி, நரம்பில்லாத இடமாகப் பார்த்து அழுத்தாது.

*

உடம்புக்கு ஏற்ற சைக்கிள் என்ற எண்ணமே எங்கள் வீட்டுக்குப் புதிது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மூன்று ஷிஃப்டுக்கும் சைக்கிளில்தான் போனார். அது பெரியப்பாவிடமிருந்து வந்த 24 அங்குல ஃப்ரேம். பெரியப்பா நெட்டை. அப்பா ஐந்தடி நாலங்குலம். சீட்டைக் கடைசி வரை இறக்கியும் கால் எட்டாது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சரித்துத்தான் ஓட்டுவார். தூரத்தில் பத்துப் பேர் சைக்கிளில் வந்தாலும் அசைவை வைத்து அப்பாவைக் கண்டுபிடித்துவிடுவேன். சீட் கவரின் இரண்டு ஓரமும் தேய்ந்து பளபளக்கும், நடுவில் புதுசாக இருக்கும்.

நாங்கள் அதே சைக்கிளில் குரங்கு பெடல் பழகினோம். பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, சைக்கிளுக்கு வெளியே தொங்கிக்கொண்டு மிதிப்பது. முதலில் அரை பெடல், பிறகு முழு பெடல், பிறகு பார், பிறகு சீட். 2024-ல் ‘குரங்கு பெடல்’ என்றே ஒரு படம் வந்தது. தமிழ்நாட்டில் முப்பது வயது தாண்டிய யாருக்கும் அந்தத் தலைப்பை விளக்க வேண்டியிருந்திருக்காது. உலகத்தில் பைக் ஃபிட் என்ற தொழில் சைக்கிளை உடம்புக்கு வளைக்கிறது. நாங்கள் உடம்பைச் சைக்கிளுக்கு வளைத்தோம். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளும் பையன்களுக்கு ஒரு அளவு, பெண்களுக்கு ஒரு அளவு என்றுதான் வந்தது. வகுப்பில் நெட்டையும் குட்டையும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து போனோம்.

ஆனாலும் அப்பாவின் சைக்கிளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாற்பது வருடத்தில் அவருக்குக் கை மரத்ததே இல்லை. அந்த ஹேண்டில்பார் வளைந்து ஓட்டுபவரை நோக்கித் திரும்பி வரும். உடம்பு நிமிர்ந்து இருக்கும், எடை முழுக்க ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டில். உடம்பில் காலைக் கைவிட்ட அந்தச் சைக்கிள் கையைக் காப்பாற்றியது.

பொருத்தம் என்பது உடம்பு அளவோடு முடிவதும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் பலர் லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பியதை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் அந்த பார். அதில் குழந்தையை உட்காரவைக்கலாம். சேலையோடு ஏற அந்த பார் இடைஞ்சல். ஆனால் பிள்ளையையும் தண்ணீர்க் குடத்தையும் கொண்டுபோக வேண்டிய பெண்ணுக்கு அதுவே பொருத்தம்.

*

இனி பாகங்கள். என் கைக்குத் தேவைப்பட்ட மாற்றங்கள் மூன்றுதான். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் 80 மில்லிமீட்டரிலிருந்து 50-க்கு வர வேண்டும். ஹேண்டில்பாரின் அகலம் இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் குறைய வேண்டும். சீட்டைத் தாங்கும் குழாய் கொஞ்சம் மெலிந்ததாக இருக்க வேண்டும். மெலிந்த குழாய் சற்று வளைந்து கொடுக்கும், சரளைக்கல்லின் அதிர்ச்சி இடுப்புக்கு முழுசாக வந்து சேராது.

முதல் இரண்டும் சுலபம். ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம் 31.8 மில்லிமீட்டர் என்பது இன்று ரொம்பப் பரவலான அளவு. ஆன்லைனில் வந்தது, பூட்டியதும் உட்கார்ந்தது. அகலத்தை ஹேக்ஸா பிளேடு பார்த்துக்கொண்டது. மூன்றாவதில் மாட்டினேன். என் ஃப்ரேமின் சீட் குழாய் 31.6 மில்லிமீட்டர். எனக்கு வேண்டிய மெலிந்த குழாய் 27.2. நடுவில் 4.4 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 2.2.

இந்த எண்களைப் பார்த்தால் என் தொழிலின் ஞாபகம் வரும். சீட் குழாய்க்கு மட்டும் 27.2, 30.9, 31.6 என்று பல அளவு. பின்சக்கர அச்சு 135, பிறகு 142, பிறகு ‘பூஸ்ட்’ என்று 148. ஹைட்ராலிக் பிரேக்கில் ஒரு கம்பெனிக்கு மினரல் ஆயில், இன்னொன்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் கெட்டுப்போகும். கியரில் இன்னும் நுட்பம். ஷிஃப்டரை ஒரு ‘கிளிக்’ தட்டினால் அது எத்தனை மில்லிமீட்டர் கம்பியை இழுக்கிறது, அந்த இழுவைக்குப் பின்னால் இருக்கும் டீரெய்லர் செயினை எத்தனை மில்லிமீட்டர் தள்ளுகிறது என்று இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஷிமானோவின் மலைச் சைக்கிள் பாகங்கள் 9 வேகத்திலிருந்து 10 வேகத்துக்குப் போனபோது இந்தக் கணக்கே மாறிவிட்டது. பழைய ஷிஃப்டரும் புதிய டீரெய்லரும் ஒரே கம்பெனிதான், பூட்டினால் பூட்டும், ஆனால் செயின் பல்சக்கரங்களுக்கு நடுவே தடுமாறும். சாஃப்ட்வேரில் இதை பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டி என்போம். புதியது வந்தால் பழையதை உடைக்கக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசுவோம், அடுத்த வெளியீட்டில் உடைப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நியாயம் உண்டு. 148 ஆன அச்சில் சக்கரம் உறுதியாகிறது, அது பொய்யில்லை. அந்த நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து கடை தள்ளி வேறு அளவு கிடைக்கிற நகரத்தில் அந்த விலை தெரியாது.

எங்கள் ஊரில் சைக்கிள் பாகக் கடை பெரிதாக இல்லை. ஆனால் ராஜபாளையம் மில்ஸ் 1936-ல் வந்ததிலிருந்து இது நூற்பாலை ஊர். ஆலை இருந்தால் உருளையும் புஷ்ஷும் தேயும். தேய்ந்ததைக் கடைந்து கொடுக்க லேத் பட்டறை இருக்கும். அப்பாவுக்குத் தெரிந்த பட்டறை ஒன்றுக்குக் குழாயையும் ஃப்ரேமையும் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் வெர்னியரை உள்ளே விட்டுப் பார்த்தார்.

“முப்பத்தொண்ணு அறுபது. சரி. எப்படி வேணும்? கையால தள்ளினா போகணுமா, தட்டிப் போகணுமா?”

முதலாண்டு பொறியியலில் கரும்பலகையில் வரைந்து படித்த அதே பாடம். புஷ் ஃபிட், பிரஸ் ஃபிட். ஃபிட் என்ற சொல்லின் இன்னொரு அர்த்தம் இங்கே ஒருவர் கைவிரலில் இருந்தது.

“கையால தள்ளுற மாதிரி, அண்ணே. ஆனா ஆடக் கூடாது.”

அலுமினியக் கட்டையிலிருந்து பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு உறையைக் கடைந்தார். வெளி விட்டம் 31.6-க்கு ஒரு மயிரிழை குறைவு, உள் விட்டம் 27.2-க்கு ஒரு மயிரிழை கூடுதல். நெடுக ஒரு பிளவு விட்டார். கிளாம்பை இறுக்கும்போது உறையும் சுருங்கி உள்குழாயைப் பிடிக்க வேண்டுமே. நான் கேட்காத ஒன்றையும் செய்தார். மேல் விளிம்பில் சின்னதாக ஒரு உதடு. “இல்லாட்டி உள்ள விழுந்துரும், அப்புறம் எடுக்க என்கிட்டதான் வரணும்” என்றார். முந்நூறு ரூபாய். உலகத்தின் எந்தச் சைக்கிள் கம்பெனியும் ராஜபாளையத்தை நினைத்து அந்த 31.6-ஐ முடிவு செய்யவில்லை. ஆனால் 2.2 மில்லிமீட்டர் இடைவெளியை எங்கள் ஊர் நிரப்பிவிட்டது.

*

மலைச் சைக்கிளின் பிறப்பே பொருந்தாத பாகங்களில்தான் நடந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள் 1930, 40-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தூசி தட்டி எடுத்து மலைச்சரிவில் இறங்கினார்கள். தடித்த பலூன் டயர் அதில்தான் இருந்தது. பின்பக்கம் மிதித்துப் பிடிக்கும் பிரேக். ஒரே இறக்கத்தில் சூடேறி ஹப்பின் கிரீஸ் புகைந்து போய்விடும், திரும்பத் திரும்ப அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ என்று பெயர். முதல் பந்தயம் 1976 அக்டோபரில் நடந்தது. பிரேக் கைப்பிடியை மோட்டார் சைக்கிளிலிருந்தும் கியரைப் பயணச் சைக்கிளிலிருந்தும் எடுத்துப் பூட்டினார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது ஃப்ரேம் செய்தார். ஆனால் சக்கரம் ஷ்வினின் 26 அங்குலமாகவே தொடர்ந்தது, முப்பது வருடத்துக்கும் மேல். கிடைத்த டயர் அதுதான் என்பதைத் தவிர அதற்கு வேறு தத்துவம் இல்லை.

டயரின் அங்குலக் கணக்கு ஒரு தனிப் புராணம். 26 என்று எழுதியிருந்தால் அது எந்த 26 என்று கேட்க வேண்டும். மலைச் சைக்கிளின் 26-க்கு ரிம் அளவு 559 மில்லிமீட்டர். 26 × 1⅜ என்று பின்னத்தில் போட்டிருந்தால் 590. 26 × 1½ என்றால் 584. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறாது. 29 என்று பெரிதாகப் பேசப்படும் சக்கரத்தின் ரிம் 622. அப்பாவின் 28 × 1½ சைக்கிளின் ரிம் 635. பேரில் சின்னது, ரிம்மில் பெரியது. 29 என்ற கணக்கு தடித்த டயரையும் சேர்த்து வெளியே அளந்தது. இந்தக் குழப்பத்துக்காகவே ஐ.எஸ்.ஓ. 5775 என்ற அளவுமுறை இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் 40-584 என்பது போல இரண்டு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம். அங்குலத்தை மறந்துவிட்டு இதைப் பார்த்தால் போதும்.

இது எனக்கு ஒரு நாள் சோறு போட்டது. என் சைக்கிள் 27.5 அங்குலம். செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு கூரான கல் பின் டயரை ஓரத்தில் கிழித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தள்ளிக்கொண்டு வந்து, வழக்கமாகக் காற்றடிக்கும் கடையில் நின்றேன். அறுபது தாண்டிய அண்ணாச்சி. 27.5 என்றதும் தலையை ஆட்டினார்.

“அது மதுரைக்குத்தான் போகணும் தம்பி. எங்கிட்ட இருபத்தாறுதான் கெடக்கு. அதுவும் பழசு, ஒண்ணரை சைஸ். இப்ப யாரும் கேக்குறதில்ல.”

“ஒண்ணரையா? எடுங்க அண்ணாச்சி, பாப்போம்.”

பரணிலிருந்து தூசியோடு இறங்கியது. பக்கச்சுவரைத் துடைத்தேன். 40-584. பிரான்சில் ‘650 பி’ என்று பழைய பயணச் சைக்கிள்களில் ஓடிய அளவு, 2010-களில் 27.5 என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு மலைச் சைக்கிளுக்கு வந்தது. அதே 584 நம்மூரில் 26 × 1½ என்ற பெயரில் யாரும் கேட்காமல் பரணில் கிடந்திருக்கிறது. மெல்லிய டயர்தான், மலைக்கு ஆகாது. ஆனால் ரிம்மில் அட்டகாசமாக உட்கார்ந்தது. அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். “இருபத்தேழரையில இருபத்தாறு ஏறிருச்சே” என்று பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

*

எல்லாம் இப்படிப் பரணில் கிடைத்துவிடாது. அடுத்த கோடையில் ஓடையில் கிடந்த விறகுக் குச்சி ஒன்று பின்சக்கரத்தில் சிக்கி டீரெய்லரை இழுத்தது. டீரெய்லர் தப்பித்தது, அது தொங்கிக்கொண்டிருந்த ஹேங்கர் முறிந்துவிட்டது. கட்டைவிரல் அகல அலுமினியத் துண்டு. ஃப்ரேமைக் காப்பாற்றத் தான் முறிய வேண்டும் என்றே மெலிதாகச் செய்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் மாடலுக்கு மாடல் அதன் வடிவமும் துளையும் வேறு. உலகத்தில் நூற்றுக்கணக்கான வகை. 2019-ல்தான் ஸ்ராம் கம்பெனி எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே ஹேங்கர் என்று ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. என் ஃப்ரேம் அதற்கு முந்தியது.

அண்ணாச்சி முறிந்த துண்டைக் கையில் உருட்டிப் பார்த்தார். “இது இங்க இல்ல, மதுரையிலயும் இருக்காது. கியர் வேணாம்னா இப்பவே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம், சொல்லு.”

டீரெய்லரைக் கழற்றி, செயினை அறுத்து, நேரே பின்னால் ஒரு பல்சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார். தொய்வு. அடுத்ததில் இறுக்கம். நான்காவது சக்கரத்தில் செயின் அடக்கமாக உட்கார்ந்தது. பின் அடித்து இணைத்தார். கியர் சைக்கிளுக்கு அதிகம் கைவைக்காத அவருக்கு இது எப்படிச் சாத்தியமானது? செயினின் கண்ணிக்கும் கண்ணிக்கும் இடைவெளி அரை அங்குலம். 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் வழிவந்த அரை அங்குலச் செயின்தான் அப்பாவின் சைக்கிளிலும் என் சைக்கிளிலும் பன்னிரண்டு வேகப் பந்தய வண்டியிலும் ஓடுகிறது. அகலம் மெலிந்தது, இடைவெளி மாறவில்லை. 1970-களில் ஷிமானோ பத்து மில்லிமீட்டர் செயின் ஒன்றை முயன்றது, நிலைக்கவில்லை.

மாறாமல் நின்றவை இன்னும் சில உண்டு. மிதி அச்சு உட்காரும் இடத்தின் மரைக்கு பி.எஸ்.ஏ. மரை என்று பெயர். 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் அது. நம் ஊரில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாக பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள் என்றே ஆகிவிட்டது. பின்சக்கரத்தில் திருகும் ஃப்ரீவீலுக்கும் இதே 1.37, இதே 24. நடுவில் பல கம்பெனிகள் மரையே இல்லாமல் அழுத்தி ஏற்றும் முறைக்குப் போயின. கிறீச் சத்தம் பொறுக்காமல் சில கம்பெனிகள் மரைக்கே திரும்பி வந்தன. என் சைக்கிளில் அதிர்ஷ்டவசமாக பி.எஸ்.ஏ. மரைதான். வலதுபக்கக் கப் உல்ட்டா மரை என்பது அண்ணாச்சிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹேங்கர் வர மூன்று வாரம் ஆனது. முதலில் வந்தது வேறு மாடலுக்கானது. அந்த மூன்று வாரமும் கியரில்லாமல் ஓட்டினேன். அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இப்பதான்டா சைக்கிள் மாதிரி இருக்கு” என்றார்.

*

இப்போது சுண்டுவிரலில் உணர்வு திரும்பிவிட்டது. மார்கழிக் காலையில் மட்டும் நுனி கொஞ்சம் தாமதமாக விழிக்கிறது. ஒரு பாகம் வாங்குமுன் மூன்று கேள்வி கேட்கிறேன். என் உடம்புக்கு ஆகுமா? ஏற்கெனவே இருக்கிற பாகத்தோடு சேருமா? போனால் 12 கிலோமீட்டருக்குள் கிடைக்குமா, அல்லது கடைந்து தர முடியுமா? மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவை கழிந்துபோகின்றன. ஹைட்ராலிக் பிரேக் வேண்டாம், கம்பி இழுக்கிற டிஸ்க் பிரேக் போதும். கம்பி எங்கும் கிடைக்கும். டியூப்புக்குக் காற்றுவாய் தடித்ததாக இருக்கட்டும். மெல்லிய பிரெஸ்டா வாயைப் பார்த்தால் எங்கள் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் திகைத்து நிற்கிறது.

ஊர்ப் பையன்கள் வாங்கும் பத்தாயிரம் ரூபாய் கியர் சைக்கிளை என் மாதிரி ஆட்கள் இளப்பமாகப் பார்ப்பது வழக்கம். முன்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் வெறும் ஸ்பிரிங், வண்டி கனம். ஆனால் அதன் பின்சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய மரையில் திருகும் ஃப்ரீவீல். கடைசிக்குப் பழைய சைக்கிளின் ஒற்றை ஃப்ரீவீலைக்கூட அதில் திருகிவிடலாம். மூன்றாவது பொருத்தத்தில் என் சைக்கிளை அது தோற்கடித்துவிடும். அதில் குறைவது உடம்புப் பொருத்தம் மட்டும்தான், அதற்குப் பெங்களூர் கேமரா தேவையில்லை. சீட் உயரத்துக்குக் குதிகால், சீட் சாய்வுக்கு ஒரு மட்டப்பலகை, பிரேக் கைப்பிடி மணிக்கட்டை உடைக்காத கோணத்தில் இருக்க ஒரு ஐந்து எம்.எம். ஆலன் கீ. சீட்டைத் தரைமட்டத்துக்கு இறக்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க மிதிக்கிற பையனைப் பார்த்தால் நிறுத்திச் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்கள். மீதிப் பேருக்கு சீட் தாழ்வாக இருப்பதுதான் கெத்து.

போன பங்குனியில் அப்பா என் சைக்கிளை ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் ஆகிறது. முழங்கால் வலிக்கு மருத்துவர் வயதைக் காரணம் சொல்கிறார், அம்மா மில்லைச் சொல்கிறாள். அவருடைய பழைய ஃப்ரேமின் சீட் குழாய் 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர். என்னுடையது எல் சைஸ் என்றாலும் 48-தான், மேல் குழாய் சரிந்து இறங்குகிறது. லேத்தில் கடைந்த உறைக்குள் சீட் குழாயை இறக்கி, அவரை ஏற்றி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி இறுக்கினேன். தெருமுனை வரை போய்த் திரும்பினார். இடுப்பு அசையவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் வேறு யாரோ போல இருந்தது.

இறங்கி ஸ்டாண்டைத் தேடினார். ஸ்டாண்டு இல்லை. சுவரில் சாய்த்துவிட்டு, “கால் எட்டுதுடா” என்றார்.